எல்லாருக்கும் பராபர்

மரகதத்துக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். இதை அவளிடமே சொன்னாலும் ஒத்துக்கொள்வாள். ஒத்துக்கொண்ட கையோடு, "ஆமா, இருக்கு. அதுக்கு இப்ப என்னங்கறே?" என்று சண்டைக்கும் வருவாள். எதைச் சொல்லித் திட்டினாலும் திருப்பித் திட்டிவிட்டு மறந்துபோகிறவள்தான். ஒரே ஒரு சொல்லை மட்டும் அவள் காதுபட யாரும் சொல்லிவிடக் கூடாது. ரங்கத் பஜாரில் புதிதாக வந்த காய்கறிக்காரன் தராசைத் தூக்கிக் காட்டி, "பராபர் ஹை, அக்கா" என்றான். கத்தரிக்காயை அவன் கூடையிலேயே கொட்டிவிட்டு நடந்துவிட்டாள். அவன் பாவம், தராசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்தமானில் அந்தச் சொல் இல்லாமல் ஒரு நாள் ஓடாது. வங்காளி, தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர், நம் ஆட்கள் எல்லாரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வது இந்தியில். இலக்கணம் கிலக்கணம் பார்க்காத தீவு இந்தி. ஏற்ற இறக்கமில்லாமல், கூடாமல் குறையாமல், ஒன்றுபோல இருப்பது எதுவானாலும் அதில் பராபர்தான். வரப்பு மட்டமாக இருந்தால் பராபர். பிடித்த மீனைக் கூறு போட்டு, கூறெல்லாம் ஒத்திருந்தால் பராபர். அண்ணனும் தம்பியும் ஒரே உயரம் வளர்ந்து நின்றால் பராபர். குடியேற்ற அதிகாரி கூட்டத்தில் பேச எழுந்தால் மூச்சுக்கு மூச்சு பராபர். நம் ஆட்கள் அதற்குத் தமிழ் வாலை ஒட்டி, 'பராபரா வெட்டு', 'பராபரா ஊத்து' என்று சொந்தமாக்கிக்கொண்டார்கள்.

அந்தச் சொல்லை ஒரு காலத்தில் மரகதம் மாதிரி நேசித்தவர்கள் யாரும் இல்லை. சிரிக்காதீர்கள், நிஜம்தான்.

அவள் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி. பண்ணையில் கூலி வேலை செய்த குடும்பம். அறுப்பு முடிந்து களத்தில் கூலி நெல் அளக்கும்போது இரண்டு மரக்கால் இருக்கும். ஒன்று மற்றவர்களுக்கு. இன்னொன்று மரகதத்தின் தெருக்காரர்களுக்கு. அந்த இரண்டாவது மரக்காலின் அடியில் அரக்கை உருக்கி ஊற்றியிருப்பார்கள். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். உள்ளே கையை விட்டால் தெரியும். ஊருக்கே தெரியும். ஒருமுறை அவள் அப்பா உள்ளே கையை விட்டுக் காட்டினார். அதற்கப்புறம் அந்தக் கையால் அவரால் ஒரு வருஷம் சோறு பிசைந்து சாப்பிட முடியவில்லை.

கல்யாணம் ஆனதும் மரகதமும் புருஷன் சண்முகமும் காட்டு வேலைக்கு ஆள் எடுத்த கப்பலில் ஏறிவிட்டார்கள். ஐம்பதுகளின் நடுவில் அது. மரம் வெட்டுகிற முகாமில் முதல் நாள் ரேஷன் அரிசி வாங்க வரிசையில் நின்றாள். பண்டகக்காரரிடம் ஒரே ஒரு தகர டப்பாதான் இருந்தது. அதைக் குவியலாக முக்கி, ஒரு குச்சியால் வழித்துவிட்டு, "பராபர்" என்று சொல்லிக் கொட்டினார். முன்னால் நின்றவனுக்கும் அதே டப்பா, அதே குச்சி. இவளுக்கும் அதேதான். இவள் முந்தானையில் வாங்கிக்கொண்டு, அடுத்தவனுக்கு அளப்பதையும் நின்று பார்த்தாள். அடுத்தவன் முதலியாரோ பிள்ளையோ, யாரோ ஒருவன். அவனுக்கும் அதே டப்பாதான்.

குடிசைக்கு வந்து சண்முகத்திடம் அந்தச் சொல்லைச் சொல்லிக் காட்டினாள். "அதுக்கு என்ன அர்த்தம்?" என்று அவன் கேட்டான். "எனக்கும் உனக்கும் மத்தவனுக்கும் ஒரே மரக்கால்னு அர்த்தம்" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அதற்குப் பிறகு கொஞ்ச வருஷத்தில், இரண்டு பெண்பிள்ளைகள் பிறந்திருந்த நேரம், காட்டில் உருண்ட மரம் ஒன்று சண்முகத்தின் பாதத்தை நசுக்கியது. அவன் கம்பூன்றி நடந்தானே தவிர, மண் வெட்டவும் சுமை தூக்கவும் ஆகாமல் போனான். அந்தச் சமயத்தில்தான் ரங்கத்துக்குப் பக்கத்தில் காட்டைத் திருத்திக் குடியேற்றக் கிராமம் ஒன்று போட்டார்கள். வங்காளத்து அகதிகள் பாதி, நம் ஆட்கள் பாதி. வீட்டுக்கு இத்தனை வயல், இத்தனை தகரம், ஒரு ஜோடி மாடு, எல்லாம் ஒரே கணக்கு. எந்த வயல் யாருக்கு என்பதைக் குலுக்கிப் போட்டு எடுத்தார்கள். மரகதத்துக்கு வந்தது கடைசி வயல், உப்போடை வயல்களுக்குள் திறக்கிற வாயில் இருந்த வயல்.

உப்போடை என்றால் கடல் உள்ளே வந்து போகிற வழி. ஏற்றத்தில் தண்ணீர் உள்ளே ஏறும், வற்றத்தில் இறங்கும். கிராமத்து வயல்கள் எல்லாம் அந்த ஓடையோரமாக வரிசையாக இருந்தன. முதல் வருஷம் ஐப்பசிப் பௌர்ணமிக்கு ஏறிய தண்ணீர் கதிர் பிடிக்கிற நேரத்தில் எல்லா வயலிலும் புகுந்தது. ஒரு வயல்கூடத் தப்பவில்லை. நெல் அப்படியே நின்றபடி வெள்ளையாய்ப் போயிற்று.

கரை போடாமல் இங்கே பிழைக்க முடியாது என்று கூட்டம் கூடினார்கள். கூட்டியவர் சௌத்ரி ஜெகநாதன். தீவில் ஊர்த் தலைவரைச் சௌத்ரி என்றுதான் சொல்வார்கள். அவரும் தஞ்சாவூர்ப் பக்கம்தான். பண்ணைக் கணக்குப் பார்த்த குடும்பம். சாதி பார்க்காதவர் என்று பெயர். மரகதத்தின் வீட்டில் டீ குடிப்பார். குடித்துவிட்டு, குடித்ததை நாலு பேரிடம் சொல்லியும் விடுவார்.

"அவங்கவங்க வயலோரம் அவங்கவங்க கரை" என்றார் சௌத்ரி. "வயல் எல்லாம் ஒரே அகலம். அதனால கரையும் எல்லாருக்கும் ஒரே நீளம். ஒருத்தர் பங்கை இன்னொருத்தர் செய்யக் கூடாது. அப்பதான் வம்பு வராது. சப் கா பராபர். என்ன சொல்றீங்க?"

என்ன சொல்வார்கள்? சரி என்றார்கள். வங்காளிகளும் தலையாட்டினார்கள். மரகதம் எழுந்தாள்.

"ஐயா, உங்க வயலோரம் மேடு. முழங்கால் உசரம் மண்ணு போட்டா கரை ஆயிடும். என் வயலோரம் ஓடை வாய் இருக்கு. ரெண்டு ஆளு உசரம் போடணும், அதுவும் சேத்துல. போட்ட மண்ணை அடுத்த ஏத்தம் கொண்டு போயிடும். நீளத்தை மட்டும் அளந்தா எப்படி? மண்ணை அளங்க. எல்லாருமா ஆளுக்கு இத்தனை கூடைன்னு வைங்க. நானும் போடறேன்."

இதில் யாருக்கும் புரியாதது ஒன்றும் இல்லை. ஓடை வாய் ஆழம் என்பது அதன் ஓரத்தில் நண்டு பொறுக்குகிற குழந்தைக்கும் தெரியும். ஆனால் புரிந்துகொண்டால் வேலை கூடிவிடும் அல்லவா? ஆளாளுக்குத் தரையைப் பார்த்தார்கள். சௌத்ரி சிரித்தார். ரொம்ப நல்ல சிரிப்பு அது, பல் எல்லாம் தெரிந்தது.

"மரகதம், நம்ம ஊர்ல உங்க ஆளுங்களுக்குத் தனி மரக்கால் வச்சிருந்தாங்கன்னு நீதானே சொல்லிச் சொல்லி அழுவே? இங்க எல்லாருக்கும் ஒரே அளவுன்னு வச்சா, இப்ப நீயே எனக்குத் தனி அளவு குடுன்னு கேக்கறியே! இது என்னம்மா நியாயம்?"

கூட்டம் சிரித்தது. சிரித்தவர்களில் அவள் தெருவிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள்.

கேட்கிற நமக்கே கை பரபரக்கிறது. அவளுக்கு எப்படி இருந்திருக்கும்! எவரிடமோ வாய்விட்டுச் சொன்ன துக்கத்தை எடுத்து அவள் முகத்திலேயே அடித்துவிட்டார் சௌத்ரி. அவள் அப்பாவின் கை நினைவுக்கு வந்தது. உட்காராமல் வீட்டுக்குப் போய்விட்டாள். "விடு மரகதம், பெரிய மனுசன் சொன்னா சொல்லிட்டுப் போறாரு" என்றான் சண்முகம். அவன் கம்பைப் பிடுங்கி வெளியே எறிந்தாள். பிறகு அவளே போய் எடுத்து வந்து கொடுத்தாள்.

தை பிறந்ததும் கரை வேலை ஆரம்பமானது. மற்றவர்கள் பங்கெல்லாம் மாசிக்குள் முடிந்துவிட்டது. முடித்தவர்கள் தங்கள் கரைமேல் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டு மரகதம் வேலை செய்வதைப் பார்த்தார்கள். வற்றத்தில் அவள் சேற்றில் இறங்குவாள். தொடை வரைக்கும் புதையும். கண்டல் மரத்துக் கழிகளை வெட்டி வந்து நட்டு, குறுக்கே கொப்பு பின்னி, கூடை கூடையாகக் களிமண்ணைக் கொட்டுவாள். ஏற்றம் வந்து அதை நக்கிக்கொண்டு போகும். மறுபடி கொட்டுவாள். மணல் ஈ கடித்துக் காலெல்லாம் புண். முதலை வருகிற ஓடை என்பதால் சண்முகம் கரையில் உட்கார்ந்து தகரத்தைத் தட்டிக்கொண்டே இருப்பான். அவனால் ஆனது அவ்வளவுதான்.

"என்ன மரகதம், கடலையே அடைக்கப் போறியா?" என்று கேலி வேறு.

பக்கத்து வயல்காரன் ஹரிபத மண்டல் நல்லவன். ஒருநாள் பார்க்கப் பொறுக்காமல் கூடையோடு சேற்றில் இறங்கிவிட்டான். அரை மணிகூட ஆகவில்லை, சௌத்ரி வந்துவிட்டார். "ஒருத்தருக்குச் செஞ்சா எல்லாருக்கும் செய்யணும். அப்புறம் பராபர் எங்க இருக்கு?" என்று இந்தியில் அவனைக் கேட்டார். மண்டல் அவளைப் பார்த்தான், சௌத்ரியைப் பார்த்தான், கூடையை எடுத்துக்கொண்டு ஏறிப் போனான். மரகதம் அவனை ஒன்றும் சொல்லவில்லை. சௌத்ரியின் முதுகுக்குப் பின்னால் காறித் துப்பினாள்.

பங்குனியில் குடியேற்ற அதிகாரி பார்வையிட வந்தார். சௌத்ரி அவரைக் கரையோரமாகவே நடத்திக்கொண்டு வந்து, "எல்லாம் ஒரே உயரம், ஒரே அகலம், சாப்" என்று பெருமையாகக் காட்டினார். கடைசியில் ஓடை வாய் திறந்து கிடந்தது. மரகதம் இடுப்பளவு சேற்றில் நின்றாள்.

"இது யார் பங்கு? எல்லாரும் முடிச்சிட்டாங்களே, உனக்கு மட்டும் என்ன?" என்றார் அதிகாரி. அவள் வாயைத் திறப்பதற்குள், "எல்லாருக்கும் பராபர் வேலைதான் குடுத்தோம், சாப்" என்றார் சௌத்ரி.

"மழைக்குள்ள முடிக்கணும். பயிர் வைக்காத வயலை நாங்க வேற குடும்பத்துக்கு மாத்திடுவோம். விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு அதிகாரி திரும்பினார். அவர் கெட்டவர் இல்லை. நிற்க நேரமில்லாதவர். அவர் காலணியில் சேறு பட்டுவிட்டது என்று சௌத்ரி தன் துண்டை எடுத்துக் கொடுத்தார்.

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கமே போயிற்று. பிறந்ததிலிருந்து அவளுடையது என்று சொல்ல இருந்தது அந்த வயல் ஒன்றுதான். அதையும் வேறு யாருக்கோ கொடுத்துவிடுவார்கள். மறுபடி காட்டுக் கூலி, அதுவும் நொண்டிப் புருஷனையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு. வெறி பிடித்தவள் மாதிரி மண் சுமந்தாள். ஓடை வாய் பாதிகூட அடைபடவில்லை.

ஊருக்கும் பயம் வந்துவிட்டது. வாய் திறந்திருந்தால் கரை போட்டும் பிரயோசனமில்லையே! தண்ணீர் மரகதத்தின் வயல் வழியாக எல்லா வயலுக்கும் போய்விடும். மறுபடி கூடினார்கள். இந்தத் தடவை மரகதத்தைக் கூப்பிடவில்லை.

சித்திரை மாதம் ஒரு காலையில் அவள் கூடையோடு வயலுக்கு வந்தாள். வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவள் வயலுக்கும் மண்டல் வயலுக்கும் நடுவே ஊரே நின்று கரை போட்டுக்கொண்டிருந்தது. ஆண், பெண், கிழடு கட்டை எல்லாரும். அவள் வயலைக் கடலோடு சேர்த்து வெளியே தள்ளிவிட்டு, மற்ற வயல்களைக் காப்பாற்றுகிற குறுக்குக் கரை அது. ஓடை வாயைவிட அது இரண்டு மடங்கு நீளம். பெரிய கெட்டிலில் டீ வந்திருந்தது. வங்காளிகள் பாட்டுப் பாடிக்கொண்டு கூடையைக் கை மாற்றினார்கள். சௌத்ரியும் சட்டையைக் கழற்றிவிட்டு மண் சுமந்தார். யார் எத்தனை கூடை போட்டார்கள் என்று யாரும் எண்ணவில்லை. யார் பங்கு எங்கே முடிகிறது என்று முழக்கோல் வைத்துப் பார்க்கவில்லை. சளைத்தவன் கூடையைப் பக்கத்தில் இருந்தவன் வாங்கிக்கொண்டான்.

மரகதம் கத்திய கத்தலில் ஓடைக்கு அந்தப் பக்கம் காட்டில் கிளிகள் எழும்பின.

"முழக்கோலை எங்கடா வச்சீங்க? எங்கடா உங்க பராபர்? என்னைச் சேத்துக்க ஒரு கூடை மண்ணு உங்க கையில இல்ல. என்னை வெளிய தள்ளறதுன்னா ஊரே கூடிச் சுமக்கறீங்களே! இந்தக் கரையில யார் பங்கு எவ்வளவு? சொல்லுங்கடா! யாராவது ஒருத்தன் சொல்லுங்கடா!"

பாட்டு நின்றது. மண்டல் கூடையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டான். "வேலையப் பாருங்க" என்றார் சௌத்ரி. நாலே நாளில் கரை எழும்பிவிட்டது.

அதற்கப்புறம் மரகதம் ஊரில் யாரோடும் பேசவில்லை. தண்ணீர் எடுக்கப் போனால் இவள் போகிற வரைக்கும் மற்றவர்கள் ஒதுங்கி நின்றார்கள். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவர்களுக்கு. ஆனாலும் அவள் தினமும் ஓடை வாய்க்குப் போய்க் கூடை கூடையாகக் கொட்டிக்கொண்டுதான் இருந்தாள். பிடிவாதமா, பைத்தியமா என்று யாருக்கும் தெரியவில்லை. வயலைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று எவனும் எழுதிவிடக் கூடாது என்பதில் மட்டும் குறியாக இருந்தாள்.

வைகாசியில் மழை பிடித்தது. அந்தமான் மழையைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மலையிலிருந்து இறங்கிய தண்ணீர் வயல்களில் நிறைந்தது. நிறைந்த தண்ணீர் எங்கே போகும்? ஓடையோரம் முழுக்கக் கரை. கடைசியில் குறுக்குக் கரை. காலங்காலமாக மலைத் தண்ணீர் கடலுக்குப் போன வழி மரகதத்தின் வயல்தான். அதைத்தான் அடைத்துவிட்டார்களே! அவளை வெளியே தள்ளுகிற அவசரத்தில் ஒருவருக்குமே இது தோன்றவில்லை. கோபத்தில் இருந்த மரகதத்துக்கும் தோன்றவில்லை. நாற்றங்கால் எல்லாம் முங்கி, நாற்று அழுகி நாறியது.

ஆனியில் சௌத்ரி குடை பிடித்துக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தார். பின்னால் மண்டலும் இன்னும் நாலைந்து பேரும் நனைந்துகொண்டு நின்றார்கள். "உள்ள வாங்க" என்று மரகதம் சொல்லவில்லை. டீயும் போடவில்லை.

"குறுக்குக் கரையை வெட்டித் தண்ணிய உன் வயல் வழியா விடணும், மரகதம்" என்றார் சௌத்ரி. "வெட்டினா அடுத்த பௌர்ணமி ஏத்தம் உள்ள வந்துடும். அதனால ஓடை வாயை அடைச்சு மதகு வைக்கணும். மண்டலுக்கு அவங்க ஊர்ல வச்ச பழக்கம் இருக்காம், பொந்து மரத்தைப் போட்டு வெளிப்பக்கம் பலகைக் கதவு மாட்டினா மழைத் தண்ணி போகும், கடத்தண்ணி வராதாம். உன் வயல், நீ சரின்னு சொல்லணும்."

"சொல்லலைன்னா?"

மண்டல் முன்னால் வந்து, அக்கா முறை வைத்து இந்தியில், "தீதி, சொல்லலைன்னா எங்க எல்லார் வயலும் போச்சு" என்றான்.

போகட்டுமே என்று அவளுக்கு வாய் வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் யார் குறை சொல்ல முடியும்? ஆனால் ஓடை வாயை அடைக்காமல் அவள் வயலும் வயலாகாது. அதுவும் அவளுக்குத் தெரியும்.

"வெட்டிக்குங்க. வெட்டறதுக்கு முந்தி வாய அடைக்கணும். ஊர்ல கை கால் நல்லா இருக்கற ஒருத்தர் பாக்கியில்லாம சேத்துல இறங்கணும். குறுக்குக் கரைக்கு எப்படி வந்தீங்களோ அப்படி."

"வந்துடறோம். வீட்டுக்கு ஒரு ஆள்னு பிரிச்சு, வேலையைப் பரா…"

"அந்த வார்த்தையை என் வாசல்ல சொல்லாதீங்க" என்றாள் மரகதம். அவள் குரல் உயரவே இல்லை. அதனால்தானோ என்னவோ, சௌத்ரி பயந்துபோய்ப் பாதிச் சொல்லை விழுங்கினார்.

மறுநாள் வற்றத்தில் எல்லாரும் வந்தார்கள். மழையிலேயே வேலை நடந்தது. மரகதம் நட்டு வைத்திருந்த கழிகள் பாதிக்கு மேல் சாயாமல் நின்றன. அதிலிருந்தே தொடங்கினார்கள். ஒருவரும் பாடவில்லை, பேச்சும் அதிகமில்லை. மண் வெட்டிக் கூடையில் நிரப்பிக் கொடுக்கிற இடத்தில் மரகதம் நின்றாள். சௌத்ரி வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு வந்து கொஞ்ச நேரம் சேற்றைப் பார்த்தார். பிறகு இறங்கினார். தொடை வரைக்கும் போயிற்று. ஒரு காலை இழுத்தால் மறுகால் புதைந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்கு அந்த இடத்தின் ஆழம் காலில் தெரிந்திருக்கும். மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்ந்து மரகதத்தைப் பார்த்தார்.

"என் பங்கு எது வரைக்கும்?" என்று கேட்டார்.

அவள் இன்னும் அவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கிற எண்ணமும் இல்லை. களிமண் கூடையைத் தூக்கி அவர் தலையில் வைத்தாள்.

"அடைபடற வரைக்கும், சௌத்ரி."